அணிகளை எண்ணி இலக்கியத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மொழிப்பாட நூல்களை எழுதுவோருக்கும், பாடத்திட்டம் வகுப்போருக்கும், வினாத்தாள் அமைப்போருக்கும்,

வணக்கம்.

இலக்கியப் பனுவல், இலக்கியமல்லாத பனுவல் என்ற பாடம் தொடங்கியதுமே நடுவில் கோடு கிழித்த ஓர் அட்டவணை வந்து நிற்கிறது. இடப்பக்கம் கற்பனை, உணர்ச்சி, அணி, மறைபொருள், அழகு. வலப்பக்கம் உண்மை, தகவல், நேரடி நடை, ஒற்றைப் பொருள், பயன். ‘ஐந்து வேறுபாடுகள் எழுதுக’ என்று தேர்வில் கேட்டால் மாணவர் ஐந்தையும் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார். அதே மாணவரிடம் தலைப்பும் ஆசிரியர் பெயரும் இல்லாத ஒரு பக்கத்தைக் கொடுத்து ‘இது எவ்வகை, எதனால்?’ என்று கேட்டுப் பாருங்கள். உடனே உவமையைத் தேடத் தொடங்குவார். கிடைத்தால் இலக்கியம், கிடைக்காவிட்டால் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அட்டவணை தேடச் சொன்னதைத்தான் அவர் தேடுகிறார்.

அந்த அட்டவணையைப் பாடநூலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எடுத்த இடத்தில் எதை வைக்கலாம், வினாவை எப்படி அமைக்கலாம், எங்கெங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

ஒரே கதவைப் பற்றிய மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பழுது அறிக்கை: “கதவின் கீல் துருப்பிடித்துள்ளது. திறக்கும்போது கிறீச்சிடுகிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.”

இரண்டாவது, விளம்பரம்: “ஒரு சொட்டு எண்ணெய். ஓராண்டு மௌனம்.”

மூன்றாவது, ஒரு கதையின் முதல் வாக்கியம்: “அவள் போன பிறகு அந்தக் கதவுக்கு யாரும் எண்ணெய் விடவில்லை.”

அட்டவணையை வைத்து அளந்தால் விளம்பரம்தான் முதலிடம் பெறும். ‘ஒரு’, ‘ஓராண்டு’ என்று மோனை இருக்கிறது. இரண்டு தொடர்களும் ஒரே அச்சில் வார்த்தவை. பயனிலையே இல்லாமல் நிற்கின்றன. கதவுக்கு மௌனம் என்ற மனிதப் பண்பு ஏற்றப்பட்டிருக்கிறது. கதை வாக்கியத்திலோ அணி என்று சொல்ல ஒன்றும் இல்லை. அன்றாடச் சொற்கள், முழுமையான வாக்கியம், எதிர்மறை வினைமுற்று. ஆனால் அதன் உள்ளே நடப்பதைப் பாருங்கள். ‘அந்தக்’ கதவு என்கிறார் கதைசொல்லி. எந்தக் கதவு என்று நமக்குத் தெரியாது, தெரிந்தவர்போல நம்மை உள்ளே இழுத்துக்கொள்கிறார். ‘போன’ என்றால் வீட்டை விட்டுப் போனாளா, உலகத்தை விட்டே போனாளா? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ‘யாரும்’ என்ற சொல்லுக்குள் கதைசொல்லியும் இருக்கிறார். எண்ணெய் விடாதவர்களில் அவரும் ஒருவர். இத்தனைக்கும் காரணமான சொற்களில் ஒன்றுகூட அலங்காரச் சொல் கிடையாது.

இதே வாக்கியத்தைப் பழுது பார்க்க வந்தவரிடம் வீட்டார் சொல்லியிருந்தால்? ‘கீல் ஏன் இப்படித் துருப்பிடித்தது?’ என்பதற்கு அது நல்ல விடை. எண்ணெய் விடப்படவில்லை, எப்போதிலிருந்து என்பதும் தெரிந்துவிட்டது, வேலை முடிந்தது. ‘அவள்’ யார் என்று அவர் கேட்கப்போவதில்லை. சொற்கள் மாறவில்லை, சொற்களிடம் நாம் எதிர்பார்க்கும் வேலைதான் மாறியது. அட்டவணைக்குப் பதிலாக இந்த ஒரு எடுத்துக்காட்டை வைத்தால்கூட, பாடம் பாதி நடந்த மாதிரிதான்.

அட்டவணை இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், நான்கு வெவ்வேறு பிரிவினைகளை அது ஒரே கோட்டில் கட்டிவிட்டதுதான். எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்பது ஒன்று. செய்யுள், உரைநடை என்பது இன்னொன்று. புனைவு, புனைவல்லாதது என்பது மூன்றாவது. இலக்கியம், இலக்கியமல்லாதது என்பது நான்காவது. இவை ஒன்றையொன்று குறுக்காக வெட்டுபவை.

முதல் குழப்பம் தமிழில் கூடுதல் வலுவுடையது. எழுத்துத் தமிழையே ‘இலக்கியத் தமிழ்’ என்று சொல்லும் வழக்கம் மொழியியலில் உண்டு. எழுதும் மொழிக்கும் பேசும் மொழிக்கும் இடையே அகன்ற இடைவெளி உள்ள மொழிகளை விளக்க 1959இல் மொழியியலாளர் சார்லஸ் பெர்குசன் ‘இரட்டை வழக்கு’ என்ற கருத்தை விரித்து எழுதினார். தமிழும் அந்த வகையில் வைத்துப் பேசப்படும் மொழி. அந்தப் பொருளில் வரிக் கட்டண அறிவிப்பும் ‘இலக்கியத் தமிழ்’தான், அதில் இலக்கியம் துளியும் இல்லாவிட்டாலும். மறுபக்கம், பேச்சு வழக்கிலேயே எழுதிய சிறுகதை முழு இலக்கியம். மாணவர் இரண்டு ‘இலக்கிய’த்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால்தான், ‘இலக்கிய நடையில் எழுதுக’ என்றால் ‘இருக்கிறது’ என்பதை ‘உள்ளது’ ஆக்கித் தந்துவிட்டுப் போகிறார்.

செய்யுள் குழப்பத்துக்கு மருந்து நம் மரபிலேயே இருக்கிறது. சொற்பொருள் சொல்லும் திவாகரம், பிங்கலந்தை முதலிய நிகண்டுகள் செய்யுளில் உள்ளன. இலக்கணம் செய்யுளில். மருத்துவக் குறிப்பும் சோதிடமும் கணக்கும்கூடச் செய்யுளில் வந்தவை. ஏட்டுச்சுவடிக் காலத்தில் யாப்பு ஒரு நினைவுக் கருவி. ஒரு சீர் விடுபட்டால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். மருந்தின் அளவை வெண்பாவில் சொன்னதற்குக் காரணம் அழகுணர்ச்சியை விட இந்தப் பாதுகாப்புதான். தொல்காப்பியச் செய்யுளியல் ‘பாட்டு உரை நூலே வாய்மொழி பிசியே அங்கதம் முதுசொல்’ என்று ஏழு வகையை ஒரே குடையின்கீழ் வைக்கிறது. பாட்டும் அங்கே இருக்கிறது. விடுகதையும் பழமொழியும் இருக்கின்றன. அறிவை முறைப்படுத்திச் சொல்லும் நூலும் இருக்கிறது. ஆகவே ‘செய்யுள் என்றால் இலக்கியம்’ என்று எழுதும் பாடநூல், தான் மேற்கோள் காட்டும் இலக்கணத்தோடேயே முரண்படுகிறது.

புனைவுக் குழப்பத்தை விரிக்கத் தேவையில்லை. நாட்குறிப்பும் பயணக் குறிப்பும் தன்வரலாறும் நடந்ததைச் சொல்லியும் இலக்கியமாக வாசிக்கப்படுகின்றன. கணக்குப் பாடத்தில் 12 ஆப்பிள் வாங்கிய ஆள் முழுக்கக் கற்பனை; அவரை யாரும் கதாபாத்திரம் என்பதில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இலக்கியத்துக்கென்று தனிச் சொற்களும் தனி இலக்கணமும் கிடையாது. ஒரே மொழிக்கூறு ஓரிடத்தில் குற்றமாகவும் இன்னோரிடத்தில் குணமாகவும் ஆகிறது. இந்தப் புரட்டலைக் காட்டுவதுதான் பாடத்தின் உயிர். நான்கு கூறுகளை மட்டும் எடுத்துக்காட்டுகிறோம்.

முதலாவது, தாமதம். தமிழ் வினையை இறுதியில் வைக்கும் மொழி. எதிர்மறையும் பெரும்பாலும் அங்கேதான் வரும். இந்த அறிவிப்பைப் படியுங்கள்: “இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் உள்ள மூடியின் இரு திருகுகளையும் தளர்த்தி உள்ளே சிக்கிய தாளைக் கையால் இழுத்து எடுக்கக் கூடாது.” கடைசிச் சொல் வரும்வரை இது செய்முறை விளக்கம். படித்துக்கொண்டே கையை நீட்டும் ஒருவர், தடை வருவதற்குள் திருகைத் தொட்டுவிடுவார். சரியான வடிவம் வேறு: முதலில் ‘எச்சரிக்கை’ என்ற சொல். அடுத்து நான்கைந்து சொல்லில் தடை: “இயந்திரம் ஓடும்போது மூடியைத் திறக்காதீர்கள்.” பிறகு செய்ய வேண்டியவை, செய்யும் வரிசையிலேயே, ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயலாக: மின்சாரத்தை நிறுத்துங்கள், இயந்திரம் முழுவதும் நிற்கும்வரை காத்திருங்கள், திருகுகளைத் தளர்த்துங்கள். ‘மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தவும்’ என்பதில் பொருள் சரி. ஆனால் கண்ணில் முதலில் படுவது இரண்டாவதாகச் செய்ய வேண்டிய செயல். ‘மின்சாரத்தை நிறுத்திய பிறகே மூடியைத் திறக்கவும்’ என்பது மேல்.

இதே தாமதத்தைக் குறுந்தொகையின் 3ஆம் பாட்டு எப்படி ஆள்கிறது என்று பாருங்கள். ‘நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆரளவின்றே’ என்று மூன்று பயனிலைகள் முதலில் வந்துவிடுகின்றன. எது பெரிது, எது உயர்ந்தது என்று சொல்லவில்லை. மலைச்சாரல் வருகிறது, கரிய கொம்புடைய குறிஞ்சி வருகிறது, பூவிலிருந்து தேன் இழைக்கப்படுகிறது, நாடன் வருகிறான். நான்காம் அடியின் கடைசிச் சொல்லில்தான் எழுவாய் தெரிகிறது: ‘நட்பே.’ ‘நாடனொடு எனக்குள்ள நட்பு நிலத்தைவிடப் பெரியது’ என்று உரைநடை வரிசைக்கு மாற்றினால் தகவலில் ஒரு மணியும் குறையாது. ஆனால் காத்திருப்பு போய்விடும். நிலம், வானம், நீர் என்று அகலமும் உயரமும் ஆழமும் அளந்த பிறகு ஒரு சிறு சொல்லில் வந்து இறங்கும் அந்த இறக்கமும் போய்விடும். (பெரிது, உயர்ந்தது, அளவு: மூன்றுமே நில அளவைக்காரர் பேசும் சொற்கள் என்பதையும் வகுப்பில் சுட்டலாம்.) இயந்திர அறிவிப்பில் ஆபத்தாக இருந்த அதே தாமதம் இங்கே பாட்டின் முதுகெலும்பு.

இரண்டாவது கூறு, இருபொருள். ‘புலி கொல் யானை’ என்று உரையாசிரியர்கள் காட்டும் தொடரில் கொன்றது எது, செத்தது எது என்று தொடரைமட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ‘எல்லோரும் வரவில்லை’ என்றால் ஒருவரும் வரவில்லையா, சிலர் வந்தார்களா? முற்றும்மை (முழுமையைக் குறிக்கும் ‘உம்’) எச்சப் பொருளும் (மீதி உண்டு என்ற பொருளும்) தரும் என்று இலக்கண நூல்கள் எப்போதோ எச்சரித்துவிட்டன. ‘பத்தும் கொடால்’ (பத்தையும் கொடுக்காதே, சிலவற்றைக் கொடுக்கலாம்) என்பது உரைகாரர் காட்டும் உதாரணம். கூட்ட அறிக்கை எழுதுபவர் ‘ஒருவரும் வரவில்லை’ என்றோ ‘20 பேரில் 7 பேர் வந்தனர்’ என்றோதான் எழுத வேண்டும். மருந்துச் சீட்டில் ‘நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை’ என்று எழுதினால், ஒரே வேளையில் இரண்டா, வேளைக்கு ஒன்றா என்ற கேள்வி நோயாளியின் தலையில் விழுகிறது. ‘காலை ஒன்று, இரவு ஒன்று, உணவுக்குப் பின்’ என்பதில் அழகு இல்லை என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒப்பமாட்டோம். அதன் அழகு அது. கவிதையிலோ கதையிலோ இரண்டு பொருளும் ஒருசேர நிற்பது வேலை செய்கிறது. கதவுக் கதையில் ‘போன’ என்ற சொல்லை ‘இறந்த’ என்று தெளிவாக்கினால் வாக்கியம் அங்கேயே படுத்துவிடும்.

மூன்றாவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஆள்வது. கட்டுரைப் பயிற்சியில் ‘ஒரே சொல்லை மீண்டும் எழுதாதே, வேறு சொல் போடு’ என்று எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு ஒருவர் வாடகை ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும்? 3ஆம் பிரிவில் ‘வாடகைதாரர்’, 5ஆம் பிரிவில் ‘குடியிருப்பவர்’, 8ஆம் பிரிவில் ‘இல்லத்தைப் பயன்படுத்துபவர்’. எழுதியவர் நடை மெருகுக்காக மாற்றினார். வாசிக்கும் வழக்கறிஞர், சொல் மாறியதால் ஆளும் மாறியிருக்க வேண்டும் என்று வாதிடுவார்: வாடகை கொடுப்பவர் ஒருவர், உடன் குடியிருப்பவர் வேறொருவர், பழுதுக்குப் பொறுப்பு யாருக்கு? சட்ட எழுத்திலும் தொழில்நுட்ப எழுத்திலும் விதி எளியது: ஒரு பொருளுக்கு ஒரே சொல், முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை. வினைமுற்றுகளும் அப்படியே. ‘வேண்டும்’ கட்டாயம், ‘-லாம்’ அனுமதி, ‘கூடாது’ தடை என்று வைத்துக்கொண்ட பிறகு, நடுவில் மரியாதைக்காக ஒரு ‘செய்யலாமே’ நுழைந்தால் கட்டாயம் தளர்ந்துவிடும். ‘செய்யவும்’ என்பதே பல ஆவணங்களில் கட்டளையா வேண்டுகோளா என்று தெரியாமல் தொங்குகிறது.

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’ இருக்கிறதே என்று கேட்கலாம். சொன்ன செய்தியையே மறுபடி சொல்வது குற்றம். சொன்ன செய்திக்கு வைத்த பெயரை மாற்றாமல் வைத்திருப்பது குற்றமாகாது. இங்கே இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல் என்று தொடரும் அந்தப் பத்தும் ‘நூலுக்கு’ உரிய குற்றங்கள். அதாவது, அறிவைச் சொல்லும் எழுத்தைத் தரம் பார்க்க நம்மிடம் பல நூற்றாண்டுகளாக ஓர் அளவுகோல் இருக்கிறது. கூடவே சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், முறையின் வைப்பு, விளங்கு உதாரணம் முதலிய பத்து அழகுகளும் உண்டு. அதில் ‘ஓசையுடைமை’யும் ஒன்று. ‘அழகு’ என்ற சொல்லை இடப்பக்கத்தில் மட்டும் வைத்த அட்டவணை இதைக் காணவில்லை. பாடநூலில் இந்தப் பத்தும் பத்தும் மனப்பாடப் பகுதியாகக் கிடக்கின்றன. ஒரு விண்ணப்பத்தையோ செய்முறைக் குறிப்பையோ கையில் கொடுத்து ‘இதில் எந்தக் குற்றம், எந்த வரியில்?’ என்று கேட்டால் அவை உயிர்பெறும்.

நான்காவது, இடைவெளி. இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். செய்முறைக் குறிப்பில் ஒரு படி விடுபட்டால் வாசகர் தவறு செய்வார்; கதையில் ஒரு படி விடுபட்டால் வாசகர் வேலை செய்வார். மலரையும் விலங்கையும் சொல்லி மாந்தரின் நிலையை உணர்த்தும் உள்ளுறையும் இறைச்சியும் இந்த இடைவெளியை நம்பி எழுந்தவை.

‘நான்’ யார் என்ற கேள்விக்குத் தனி இடம் வேண்டும்; மாணவர் விடைத்தாள்களில் மிகுதியாகக் காணும் பிழை இங்கேதான். உறுதிமொழிப் பத்திரத்தில் ‘நான்’ என்பவர் கீழே கையொப்பமிட்டவர். பொய் என்றால் அவர்மேல் வழக்கு வரும். அறிவியல் கட்டுரையில் ‘நாங்கள் அளந்தோம்’ என்றால் மேலே பெயர் உள்ளவர்கள் அளந்தார்கள். கதையில் ‘நான் கொன்றேன்’ என்று வந்தால் யாரும் எழுத்தாளர் வீட்டுக்குக் காவலர்களை அனுப்புவதில்லை. இருந்தும் தேர்வில் ‘கவிஞர் தம் காதலனைப் பிரிந்த துயரத்தைக் கூறுகிறார்’ என்று எழுதிவிடுகிறார்கள். பாடியவர் ஆணாக இருந்தாலும் கவலையில்லை. அகப்பாட்டுக்குத் தலைவி கூற்று, தோழி கூற்று என்று குறிப்பு இருப்பதே இந்தப் பிரிப்பைக் காட்டத்தான். தொல்காப்பிய அகத்திணையியல் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்று விதித்தது. இன்னார் என்று பெயர் சுட்டிய கணமே பாட்டு ஒரு தனிமனிதரைப் பற்றிய செய்தியாகிவிடும். சுட்டாதவரை அது எவருடையதாகவும் நிற்கலாம். எழுத்து உலகத்தின்மேல் எப்படி ஒட்டுகிறது, எப்படி ஒட்டாமல் விலகி நிற்கிறது என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன விதி அரிது. பாடநூலில் இது அகத்திணை இலக்கணம் என்ற தலைப்போடு முடங்கிவிடுகிறது. எழுதுபவருக்கும் பேசும் குரலுக்கும் உள்ள வேறுபாட்டை நடத்தும்போது அங்கே கொண்டுவாருங்கள்.

கலப்புப் பனுவல்களை ‘விதிவிலக்கு’ என்று ஓரத்தில் ஒதுக்காதீர்கள். சோழர் கல்வெட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி, அதாவது அரசன் புகழைச் சொல்லும் தொடக்கப் பகுதி, ‘திருமகள் போல’ என்று தொடங்குகிறது. நிலமகளைத் தனக்கே உரியவளாக்கிக்கொண்டதாக ஓசையோடு நடக்கிறது. பிறகு ஆட்சியாண்டு. அதன் பிறகு நடை அப்படியே மாறி, கொடுத்த நிலம், நான்கெல்லை, அளவு, பொன்னின் எடை, யார் எதைச் செலுத்த வேண்டும் என்று போகிறது. ஒரே கல், ஒரே உளி. ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்து’ என்ற மெய்க்கீர்த்தித் தொடரில் கலம் என்பது மரக்கலமா, உண்கலமா, வேறெதுவுமா என்று வரலாற்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்திருக்கிறார்கள். புகழ்ச்சிக்கு அந்த மங்கல் ஒத்துவரும். கிழக்கெல்லை இன்னது என்னும் வரி அப்படி இரண்டு பொருள்படுமானால் ஒரு நிலத்துக்கு இரண்டு உரிமையாளர் வந்துவிடுவார்கள். இந்த ஒரு கல்லை வைத்து நடத்தும் வகுப்பில் மாணவர், கோடு இரண்டு நூல்களுக்கு நடுவில் மட்டுமல்லாமல் ஒரே நூலுக்குள்ளும் ஓடும் என்று தாமே கண்டுகொள்வார்.

கோட்பாடு பக்கம் இரண்டு பேரை மட்டும் தொட்டால் போதும். 1960இல் வெளியான கட்டுரையில் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் மொழிக்கு ஆறு பணிகளைச் சொன்னார். அவற்றில் ஒன்று, மொழி தன்மீதே கவனத்தை ஈர்க்கும் கவிதைப்பணி. அது கவிதையில் மட்டும் இருப்பதன்று என்று காட்ட அவர் எடுத்த உதாரணங்களில் ஒன்று தேர்தல் முழக்கம். எல்லா எழுத்திலும் எல்லாப் பணியும் இருக்கலாம். எது தலைமை தாங்குகிறது என்பதே கேள்வி. விளம்பரத்தின் மோனையும் கவிதைப்பணிதான், ஆனால் எண்ணெய் விற்பதற்குக் கைகட்டி நிற்கிறது.

இரண்டாமவர் அமெரிக்க இலக்கியத் திறனாய்வாளர் ஸ்டான்லி பிஷ். 1971இல் ஒரு வகுப்புக்காகக் கரும்பலகையில் எழுதியிருந்த மொழியியலாளர் பெயர்ப் பட்டியலை அவர் அழிக்காமல் விட்டு, அடுத்து வந்த மாணவர்களிடம் ‘இது ஒரு சமயக் கவிதை’ என்றார். அவர்கள் அதற்கு விரிவான உரையே சொல்லிவிட்டார்கள். இலக்கியம் வாசிப்பவரின் பழக்கத்தில் இருக்கிறது என்பது அவர் முடிவு. எங்களுக்கு இதில் பாதி உடன்பாடு. கவிதை என்று சொன்னால் நாம் வேறு மாதிரி வாசிக்கிறோம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பட்டியலை நாளைக்கும் மறுநாளும் வாசித்தால், வாசிப்பவர் கொண்டுவந்ததைத் தவிர அதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. குறுந்தொகைப் பாட்டு அப்படியில்லை. நாம் கொண்டுவந்ததைச் சில சமயம் மறுத்தும் பேசும். ‘எப்படி வேண்டுமானாலும் பொருள் கொள்ளலாம்’ என்று பாடநூலில் எழுதிவிடாதீர்கள். அது அட்டவணையைவிடப் பெரிய தீங்கு.

இனி நடைமுறை.

வகுப்புக்கும் தேர்வுக்கும் எழுத்துகளை இரண்டு இரண்டாகக் கொடுக்காதீர்கள். இரண்டில் ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி சரியாகும். மூன்று வையுங்கள், மூன்றாவது, விளம்பரமோ நாட்குறிப்போ இரங்கல் குறிப்போ போன்ற கலப்பாக இருக்கட்டும். மூன்றும் ஒரே பொருளைப் பற்றியவையாக வேண்டும்: ஒரே மழை, ஒரே கதவு, ஒரே பயணம். ஒவ்வொன்றும் 80 முதல் 120 சொல். நீளம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். தலைப்பு, ஆசிரியர் பெயர், படம், கட்டம், எண்ணிட்ட வரிசை எல்லாவற்றையும் நீக்கி ஒரே வடிவத்தில் அச்சிடுங்கள். இல்லாவிட்டால் அடிகள் உடைந்திருப்பதைப் பார்த்தே ‘கவிதை’ என்று எழுதிவிடுவார்கள். மூன்றும் ஒரே காலத் தமிழாக இருப்பது மிக முக்கியம். சங்கப் பாட்டையும் இன்றைய செய்தியையும் அருகருகே வைத்தால், மாணவர் பழஞ்சொல்லைப் பார்த்து விடை சொல்வார். சரியான விடை வரும், தவறான காரணத்தால்.

10 மதிப்பெண் வினாவை இப்படிப் பிரிக்கலாம். யார், யாருக்கு, எந்தச் சூழலில், எந்த வேலைக்காக எழுதியது என்பதற்கு 2. எழுத்திலிருந்து இரண்டு சொற்களையோ தொடர்களையோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதிலாக வேறொன்றை வைத்து, என்ன கெட்டது, என்ன கெடவில்லை என்று சொல்வதற்கு 4. அதே பொருளை வேறு வகையில் 50 சொல்லில் மாற்றி எழுதுவதற்கு 4. வகையின் பெயரைச் சொல்வதற்குத் தனி மதிப்பெண் வேண்டாம். நாட்குறிப்பை ஒருவர் இலக்கியம் என்றும் இன்னொருவர் இல்லை என்றும் சொல்லலாம். இருவரும் வரியைக் காட்டிக் காரணம் சொன்னால் இருவருக்கும் மதிப்பெண் உண்டு. விடைக்குறிப்பில் இதை எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் திருத்துபவர் ஒரே விடையைத்தான் ஏற்பார்.

இரண்டாம் பகுதியைத் திருத்துவோருக்கு ஒரு குறிப்பு. ‘அழகு போய்விட்டது’, ‘ஓசை நயம் கெட்டது’ என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் தராதீர்கள். எந்தப் பொருள், எந்தக் குரல், எந்த எதிர்பார்ப்பு போயிற்று என்று சொல்லியாக வேண்டும். ‘யாரும்’ என்பதை ‘அவர்கள்’ என்று மாற்றினால் கதைசொல்லி தப்பித்துக்கொள்கிறார் என்பது விடை. பழுது அறிக்கையில் ‘கிறீச்சிடுகிறது’ என்பதை ‘ஒலி எழுப்புகிறது’ என்று மாற்றினால் ஒன்றும் கெடவில்லை, ஆனால் ‘இரண்டு சொட்டு’ என்பதைச் ‘சிறிது’ என்று மாற்றினால் கெட்டது என்பதும் முழு விடையே. கெடாததைச் சொல்லத் தெரிவதும் அறிவுதான்.

மாற்றி எழுதும் பகுதி சறுக்கும் இடம் நன்றாகத் தெரிந்தது. கதையை அறிக்கையாக்கச் சொன்னால் பெயரடைகளை அழித்துவிட்டு மீதியைத் தந்துவிடுவார்கள்; நாள், நேரம், அளவு, அடுத்துச் செய்ய வேண்டியது ஒன்றும் இருக்காது. அறிக்கையைக் கதையாக்கச் சொன்னால் நிலவும் தென்றலும் வியப்புக்குறியும் வந்து குவியும். இதைத் தடுக்க வினாவிலேயே ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: ‘உவமையும் உருவகமும் இல்லாமல் எழுதுக.’ கட்டுப்பாட்டைப் பார்த்ததும் திகைப்பார்கள். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு யார் பார்க்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடலாம், எந்த இடத்தில் தொடங்கலாம் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். உருவகத்தை அளவுக்கு மேல் உயர்த்தி வைத்ததும் பாடநூலின் பழைய நோய். விலை ஏறுகிறது, பேச்சு முறிகிறது, நேரம் ஓடுகிறது, ஊசிக்குக் காது இருக்கிறது, மேசைக்குக் கால் இருக்கிறது. அன்றாடத் தமிழ் முழுக்க உருவகம்தான். யாரும் அதற்காக மேசையைக் கவிதை என்பதில்லை.

‘இக்கவிதையின் மையக்கருத்தை இரண்டு வரியில் எழுதுக’ என்ற வினாவை, முடிந்தால், நிறுத்திவிடுங்கள். இரண்டு வரியில் கருத்தைத் தந்துவிட்டால் கவிதை எதற்கு என்று மாணவர் கேட்கமாட்டார், ஆனால் நினைத்துக்கொள்வார். அந்த வினாவைச் செய்திக் கட்டுரைக்கும் சுற்றறிக்கைக்கும் மாற்றுங்கள். அங்கேதான் அது பொருந்தும், சுருக்கத் தெரிவதும் அங்கேதான் தேவை.

கடைசியாக ஒரு கணக்கு. மொழிப்பாட நூலில் இலக்கியமல்லாத எழுத்துக்கு ஒதுக்கும் இடம் பெரும்பாலும் கடிதம், விண்ணப்பம், படிவம் நிரப்புதல் என்ற மாதிரிகளோடு முடிகிறது. ‘அனுப்புநர், பெறுநர்’ சரியாக இருந்தால் மதிப்பெண். அடுத்த பதிப்பில் குறைந்தது நான்கு உண்மையான பயன்பாட்டு எழுத்துகளை முழுதாகச் சேருங்கள்: ஒரு செய்முறைக் குறிப்பு, ஓர் ஒப்பந்தப் பகுதி, ஓர் ஆய்வு அறிக்கையின் முறையியல் பத்தி, ஒரு பொது அறிவிப்பு. நன்றாக எழுதியதும் மோசமாக எழுதியதும் கலந்திருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே நன்னூலின் பத்துக் குற்றங்களில் பொருந்துவதைத் தேடச் சொல்லும் ஒரு பயிற்சி. அட்டவணை அச்சான பக்கத்திலேயே இதற்கு இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
மொழிப்பாடம் கற்பிப்போர், பதிப்பாசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்